கையெழுத்துக்குள் அடங்கிய கணினி

7756. பன்னிரண்டு சுவிட்சுகளை அந்த எண்ணுக்கு வைத்து, முகவரி ஏற்றும் விசையைத் தட்டினேன். அடுத்து 6032, 'டெபாசிட்' விசை. 6031, டெபாசிட். 5357, டெபாசிட். இப்படிப் பதினாறு எண்கள். நடுவில் ஒரு சுவிட்சைத் தூக்க மறந்தாலும் காரியம் கெட்டது. எனக்கு மூன்று முறை கெட்டது.

பி.டி.பி.-8/ஐ என்று 1968-இல் வந்த கணினியின் முகப்புப் பலகையை அச்சு அசலாக நகலெடுத்த ஒரு சின்னக் கருவி இது. உள்ளே இருப்பது ராஸ்பெரி பை என்னும் கையகலக் கணினி, அதுதான் பழைய எந்திரமாக வேஷம் கட்டுகிறது. உதிரிகளாகப் பெட்டியில் வரும், நாமே சால்டர் வைத்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதற்கு அக்கா மகன் வாங்கிக் கொடுத்தான். நான் சுவிட்சுகளோடு மல்லுக்கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன் கேட்டான்: "மாமா, இதுல மொத்த மெமரி எவ்வளவு?"

4096 சொற்கள், சொல்லுக்குப் பன்னிரண்டு பிட். இன்றைய கணக்கில் ஆறு கிலோபைட். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலையில் வந்து விழுகிற ரோஜாப்பூ படமே இதைப்போல் இருபது மடங்கு இருக்கும்.

"இதைப் போயா காசு குடுத்து வாங்கினாங்க?"

வாங்கினார்கள். பி.டி.பி.-8 வரிசையில் மட்டும் 50,000-க்கு மேல் விற்றன. முதலில் விழுந்து விழுந்து வாங்கியவர்களில் பெரும்பகுதி பல்கலைக்கழகத் துறைகளும் ஆய்வுக்கூடங்களும்தான். ஏன் என்று கேட்டால் "சிறியது, மலிவு" என்றுதான் நானும் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிப் பதில். மேஜை அளவுக் கணினி 1956-லேயே வந்துவிட்டது. எல்.ஜி.பி.-30 என்று ஒன்று, 47,000 டாலர். நல்ல எந்திரம், பல கல்லூரிகளில் இருந்தது. ஆனாலும் துறைக்குத் துறை பரவவில்லை. மீதிப் பதிலுக்கு நான் அவனுக்கு என் அட்டைக்கட்டுக் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது.

எழுபதுகளின் கடைசியில் நான் எம்.எஸ்ஸி. இயற்பியல். புராஜெக்ட்டுக்கு ஒரு வளைகோட்டைத் தரவுகளோடு பொருத்திப் பார்க்கிற ஃபோர்ட்ரான் நிரல் எழுத வேண்டும். எங்கள் துறையில் கணினி கிடையாது. ஊரின் மறுகோடியில் ஒரு பெரிய நிறுவனத்தில் இருந்தது, மாணவர்களுக்கு வாரத்தில் சில மணிநேரம் ஒதுக்கியிருந்தார்கள். வரிக்கு ஓர் அட்டை, எண்பது பத்தி. என் நிரலுக்குச் சுமார் 140 அட்டைகள். கட்டின் மேல்விளிம்பில் பேனாவால் குறுக்காக ஒரு கோடு இழுத்து வைப்போம். பஸ்ஸில் கட்டு கீழே விழுந்து சிதறினால் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் வரிசைப்படுத்த முடியும். (விழுந்தது. வரிசைப்படுத்தினேன். நடத்துனரும் ஒரு அம்மாவும் உதவி செய்தார்கள்.)

ஜன்னலில் கட்டைக் கொடுத்தால் மறுநாள் பிரின்ட்அவுட் வரும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குளிரூட்டிய அறையில் எந்திரம் இருக்கும், நாங்கள் அதைத் தொட்டதே இல்லை. முதல் நாள் வந்த தாளில் ஒரே ஒரு பிழை, மூடாத அடைப்புக்குறி. திருத்திக் கொடுத்தேன். மறுநாள் வேறொரு பிழை. முதல் சரியான விடை கைக்கு வர ஆறு முறை பஸ் ஏறினேன். எந்திரம் எனக்காக உழைத்த நேரம் எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம் இருந்தால் அதிகம்.

இந்த ஜன்னல்தான் விஷயம். அமெரிக்காவில் ஐம்பதுகளின் கடைசியில் இதே ஜன்னல், இதே வரிசை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் 1957-இல் ஐ.பி.எம். 704 என்ற பெரிய கணினி வந்தது. அதன் நாளை மூன்று பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்கு எம்.ஐ.டி.க்கு, ஒரு பங்கு சுற்றுவட்டாரக் கல்லூரிகளுக்கு, ஒரு பங்கு எந்திரத்தைக் கொடுத்த ஐ.பி.எம்.முக்கே. அடுத்து வந்த ஐ.பி.எம். 7090-இன் விலை 29 லட்சம் டாலர், வாடகைக்கு எடுத்தால் மாதம் 63,500. இவ்வளவு விலையுள்ள பொருளை ஒரு நொடி சும்மா விட முடியுமா? ஆகவே மனிதர்கள் காத்திருக்க, எந்திரம் ஓயாமல் ஓடியது. விலையை வைத்துப் பார்த்தால் அந்த ஏற்பாட்டில் தப்பே இல்லை. மனிதர்களின் நேரம் யார் கணக்கிலும் எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

அதே வளாகத்தில் 1958-இல் இன்னொரு எந்திரம் வந்து இறங்கியது. எம்.ஐ.டி.யைச் சேர்ந்த லிங்கன் ஆய்வகம் சோதனைக்காகக் கட்டிய டி.எக்ஸ்.-0. டிரான்சிஸ்டரால் ஆனது, திரை உண்டு. வேலை முடிந்ததும் நீண்டகாலக் கடனாக எம்.ஐ.டி.யின் மின்னணு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அட்டை இல்லை, ஜன்னல் இல்லை. நோட்டில் பெயர் எழுதி நேரம் வாங்கிக்கொண்டு நேராகப் போய் முன்னால் உட்காரலாம். நிரல் தப்பாக ஓடினால் அங்கேயே நிறுத்தி, என்ன ஆயிற்று என்று விளக்குகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, திருத்தி, மறுபடி ஓட்டலாம். ஒருமுறை அப்படி உட்கார்ந்து எழுந்தவர்கள் பிறகு அட்டைக்கட்டை ஆசையோடு தூக்கிப் போயிருக்க மாட்டார்கள்.

டி.எக்ஸ்.-0 வடிவமைப்பில் முக்கியமானவர் வெஸ்லி கிளார்க். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் அவர்தான். பெரிய எந்திரத்தைப் பலர் பங்குபோட்டுக்கொள்ளும் முறைகளை எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்த காலத்தில், பங்கே வேண்டாம், ஆய்வாளர் ஒருவருக்கு ஒரு கணினி என்றார். மூளை நரம்புகளை ஆராய்பவர்களோடு அவர் வேலை செய்துகொண்டிருந்தார். அவர்களுக்கு வேண்டியது கோடிக்கணக்கான பெருக்கல் இல்லை. விலங்கின் தலையில் வைத்த மின்முனையிலிருந்து வருகிற சிற்றலையை அந்தக் கணத்திலேயே அளந்து, ஆயிரம் அலைகளின் சராசரியை எடுத்து, திரையில் காட்ட வேண்டும். அதைப் பார்த்துவிட்டு ஆய்வாளர் மின்முனையைக் கொஞ்சம் நகர்த்துவார். நாளை மறுநாள் வரும் பிரின்ட்அவுட்டை வைத்துக்கொண்டு பூனையை என்ன செய்வது?

1961-62 வாக்கில் கிளார்க் 'லிங்க்' என்ற கணினியை வரையத் தொடங்கினார். கூட்டாளி சார்லஸ் மோல்னார். அப்போது அவர் விலைக்கு ஓர் உச்சவரம்பு வைத்துக்கொண்டார்: 25,000 டாலர். அந்த எண் எந்தப் பொறியியல் கணக்கிலிருந்தும் வரவில்லை. ஓர் ஆய்வகத்தின் தலைவர் மேலே யாரையும் கேட்காமல் தன் கையெழுத்தில் வாங்கக்கூடிய கருவியின் விலை அன்றைக்குச் சுமார் அவ்வளவு. அதைத் தாண்டினால் கோப்பு மேலே போகும், குழு கூடும். குழு கூடினால் "நம்மிடம்தான் கணினி மையம் இருக்கிறதே, தனியாக எதற்கு?" என்ற கேள்வி கட்டாயம் வரும். இந்த நாட்டில் ஏதாவது ஒரு பர்சேஸ் கமிட்டியில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு நான் மேலும் விளக்க வேண்டியதில்லை.

எத்தனை பிட், எவ்வளவு வேகம் என்று ஆரம்பிக்காமல், யார் கையெழுத்துப் போடுவார் என்று ஆரம்பித்து ஒரு கணினியை வரைந்தார் பாருங்கள், அங்கேதான் என் அக்கா மகனின் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது.

(உண்மையில் விலை அந்த வரம்புக்குள் நிற்கவில்லை, செய்து முடித்தபோது 40,000 டாலரைத் தாண்டிவிட்டது. ஆனால் அதற்குள் ஆசை பிடித்துவிட்டது.)

லிங்க்கின் குமிழ்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். முன்பக்கம் வானொலிப் பெட்டியில் இருப்பதுபோல் திருகும் குமிழ்கள் இருந்தன. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒன்றைத் திருகினால் அதன் மதிப்பு நிரலுக்குள் போகும், திரையில் அலை விரியும், சுருங்கும். ஒலிபெருக்கி உண்டு. உள்ளங்கையில் அடங்கும் காந்த நாடாச் சுருள் உண்டு, உங்கள் நிரலையும் தரவையும் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகலாம். வருகிற மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் வசதி, பெரிய கணினிகளில் தனியாகக் கெஞ்சி வாங்க வேண்டியது, இதில் கூடவே வந்தது. சோதனைச்சாலைக்காரர்கள் பார்த்தவுடன் தங்கள் சாமான் என்று அடையாளம் கண்டுகொண்டார்கள். மின்னலையைத் திரையில் காட்டும் ஆஸிலாஸ்கோப்புக்குத் தம்பி மாதிரி இருந்தது அது.

1962-இல் லிங்க்கை பெதஸ்டாவிலுள்ள அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துக்கு எடுத்துப்போய் ஒரு பூனையின் நரம்புத் துலங்கலோடு இணைத்துக் காட்டினார்கள். அதுவரை அங்கே எந்தக் கணினியாலும் முடியாத வேலை. முடிந்ததும் எந்திரத்தைச் சுற்றி ஆட்டமே போட்டார்களாம். அந்த நிறுவனம் பணம் கொடுக்க, 1963 கோடையில் தேர்ந்தெடுத்த சில ஆய்வுக் குழுக்களை எம்.ஐ.டி. இருக்கும் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்து, உதிரிகளைக் கையில் கொடுத்து, "உங்கள் கணினியை நீங்களே பூட்டிக்கொள்ளுங்கள்" என்றார்கள். மருத்துவர்களும் உயிரியலாளர்களும் அப்படியே செய்து, தங்கள் எந்திரத்தைத் தங்கள் ஊருக்கு எடுத்துப் போனார்கள். தானே பூட்டியதைத் தானே பழுதுபார்க்கவும் துணிச்சல் வரும், ஆபரேட்டர் வேண்டாம். கிளார்க்கின் கணக்கு இது.

லிங்க்குக்கு இயக்க மென்பொருள் எழுதியவர் மேரி ஆலன் வில்க்ஸ். லிங்க் குழு செயின்ட் லூயிக்கு இடம் மாறியபோது அவர் போகவில்லை. 1965-இல் பால்டிமோரில் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் ஒரு லிங்க்கை இறக்கிவைத்து அங்கிருந்தே வேலையைத் தொடர்ந்தார். அந்த அப்பா அம்மா என்ன சொன்னார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. என் வீட்டில் டி.வி. மேஜையில் இந்தச் சின்னப் பலகையை வைத்ததற்கே கேள்வி கேட்டார்கள். வில்க்ஸ் பின்னாளில் கணினியை விட்டு வழக்கறிஞர் ஆகிவிட்டார்.

சரி, லிங்க் மொத்தம் சுமார் ஐம்பதுதான் செய்தார்கள். ஐம்பதை ஐம்பதாயிரமாக்கியது வேறொரு கூட்டம். லிங்கன் ஆய்வகத்திலிருந்தே 1957-இல் வெளியேறிய கென் ஆல்சனும் ஹார்லன் ஆண்டர்சனும் மாசசூசெட்ஸின் மேனார்டில், பழைய கம்பளி ஆலையின் ஒரு மூலையில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனைத் தொடங்கினார்கள். சுருக்கமாக டெக். முதல் போட்ட நிறுவனம் 70,000 டாலர் கொடுத்தது. கூடவே ஓர் எச்சரிக்கை: திட்ட அறிக்கையில் 'கம்ப்யூட்டர்' என்ற சொல் வேண்டாம். பெரிய பெரிய கம்பெனிகளே அதில் நஷ்டப்பட்டுக்கொண்டிருந்த காலம். ஆகவே முதலில் ஆய்வுக்கூடங்களுக்கு மின்னணுப் பலகைகள் விற்றார்கள். அப்புறம் கணினியே செய்தபோதும் அதற்கு 'புரோகிராம்டு டேட்டா புராசசர்' என்று பெயர் வைத்தார்கள், பி.டி.பி.

பயந்து வைத்த பெயர் பல்கலைக்கழகங்களில் வேறொரு வகையில் கைகொடுத்தது. கணினி வாங்க வேண்டும் என்று எழுதினால் கணினிக் குழு விழித்துக்கொள்ளும். 'தரவு சேகரிப்புக் கருவி', 'கட்டுப்பாட்டுக் கருவி' என்று எழுதினால்? வெற்றிடப் பம்பும் நிறமாலைமானியும் வாங்குகிற அதே கணக்கில் அதுவும் போய்விடும். நிறைய எந்திரங்கள் அந்த வழியில்தான் உள்ளே வந்தன. பொய்யென்றும் சொல்ல முடியாது, அவை நிஜமாகவே தரவைச் சேகரித்தன. சாயங்காலம் ஆறு மணிக்குமேல் அவற்றில் வேறு என்ன ஓடியது என்பதை யாரும் கோப்பில் எழுதவில்லை.

பி.டி.பி.-1 விலை 120,000 டாலர். ஒரு துறையின் கைக்கு எட்டாது. 1963-இல் பி.டி.பி.-5, 27,000 டாலர். கனடாவின் சாக் ரிவர் அணு ஆய்வகத்தில் ஓர் உலையோடு பெரிய கணினியை இணைக்க இடையில் ஒரு சின்ன எந்திரம் தேவைப்பட்டபோது பிறந்தது அது. 1965 மார்ச்சில் பி.டி.பி.-8. டெலிடைப் என்னும் தட்டச்சு எந்திரத்தோடு சேர்த்து 18,000 டாலர். 7090-இன் ஒரு மாத வாடகையில் மூன்று பி.டி.பி.-8 வாங்கி, மிச்சப் பணத்தில் காபி குடிக்கலாம். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் பின்னிருக்கையில் அதை ஏற்றிவைத்து ஒரு படம் எடுத்து விளம்பரம் செய்தார்கள். 'மினிகம்ப்யூட்டர்' என்ற பெயரும் அந்தக் காலத்து மினி ஸ்கர்ட், மினி கார் வாசனையோடு வந்ததுதான். டெக்கின் பிரிட்டிஷ் கிளையை நடத்திய ஜான் லெங் அனுப்பிய விற்பனைத் தகவல் ஒன்றில் தொடங்கியது என்று சொல்வார்கள்.

எந்திரமாகப் பார்த்தால் பி.டி.பி.-8 பரம ஏழை. மொத்தம் எட்டே வகைக் கட்டளைகள். கழித்தல் கிடையாது, எண்ணைத் தலைகீழாக்கி ஒன்று சேர்த்துக் கூட்டிக்கொள்ள வேண்டும். பெருக்கல் வேண்டுமென்றால் தனியாகக் காசு கொடுத்து ஒரு பகுதி வாங்க வேண்டும், இல்லாவிட்டால் நிரலாக எழுதிக்கொள்ள வேண்டும். கணினி மைய ஆட்கள் சிரித்ததில் வியப்பில்லை. இதில் பெரிய அணிக்கோவையைத் தீர்க்க முயன்றால் பொழுது விடிந்துவிடும்.

ஆனால் இயற்பியல் துறையின் அடித்தளத்தில் ஒரு கதிரியக்கத் துகள் உணர்கருவி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். துகள் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் அதன் துடிப்பின் உயரத்தை அளந்து, அந்த உயரத்துக்குரிய பெட்டியில் ஒன்று கூட்ட வேண்டும். அவ்வளவே வேலை. பெருக்கலே வராது. ஆனால் துடிப்பு வந்த மாத்திரத்தில், கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு அதைக் கவனித்தாக வேண்டும். பி.டி.பி.-8 நினைவகத்தை ஒருமுறை தொட்டு வர ஒன்றரை மைக்ரோநொடி ஆகும், இரு எண்களைக் கூட்ட மூன்று. கூப்பிட்ட உடனே திரும்பிப் பார்க்கும். நகரத்தின் மறுபக்கத்திலிருந்த மாபெரும் கணினிக்கு இதைவிடப் பல மடங்கு புத்தி இருக்கலாம், கூப்பிட்டால் வராது. பன்னிரண்டு பிட் என்பதும் தற்செயல் இல்லை. ஆய்வுக்கூட அளவீடுகள் பெரும்பாலும் அந்தத் துல்லியத்துக்குள் அடங்கும். அதற்குமேல் பிட் வைத்தால் நினைவகத்துக்குத்தான் செலவு.

பகிர்வு முறைக் கணினிகளும் அப்போது வந்துகொண்டிருந்தன. எம்.ஐ.டி.யில் 1961-லேயே காட்டினார்கள். டார்ட்மத் கல்லூரியில் 1964-இல் பேசிக் மொழியோடு சேர்ந்து அது பிரபலமானது. ஜன்னல் வரிசைக்கு அது நல்ல மருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் முப்பது பேருக்கு மாற்றி மாற்றி முகம் காட்டுகிற எந்திரம், உங்கள் துகள் வரும் அந்த மைக்ரோநொடியில் உங்கள் பக்கம்தான் திரும்பியிருக்கும் என்பதற்கு யார் உத்தரவாதம்?

இன்னொன்று, டெக் கொடுத்த கையேடுகள். சாணித்தாள் போன்ற மலிவுத் தாளில் அச்சிட்ட தடிமனான புத்தகங்கள். கணினியின் உள் அமைப்பு, ஒவ்வொரு சமிக்ஞையின் நேரம், உங்கள் கருவியை எந்தக் கம்பியில் எப்படி இணைப்பது என்று வரைபடங்களோடு எல்லாம் அதில் இருக்கும். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். பயனர்களுக்கென்று 1961-லேயே ஒரு சங்கம் இருந்தது, டெக்கஸ். ஒருவர் எழுதிய நிரல் காகித நாடாவாக ஊர் ஊராகப் போகும். மூடிய பெட்டியை வாடகைக்கு விட்டு, திருகைத் தொட்டால் கோபிக்கிற கம்பெனிகளைப் பார்த்துப் பழகிய ஆய்வு மாணவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்! சால்டர் பிடிக்கத் தெரிந்த கைக்கு அந்தப் புத்தகம் போதும்.

இனி பணத்துக்கு வருகிறேன், நான் சொல்ல வந்ததில் மீதிப் பாதி அதுதான். கணினி மையத்தில் மணிக்கு இவ்வளவு என்று கட்டணம். பல இடங்களில் துறைகளுக்கு ஒதுக்கியது பல்கலைக்கழகத்துக்குள் மட்டும் செல்லும் பணம், கல்யாண வீட்டு டோக்கன் மாதிரி. நிதி உதவியோடு ஆய்வு செய்பவர்கள் நிஜப் பணம் கொடுத்தார்கள். அரசு நிதியில் வேலை செய்பவருக்கு ஒரு விலை, மற்றவருக்கு ஒரு விலை என்று வைக்கக்கூடாது என்பது அமெரிக்க அரசின் தணிக்கை விதி. ஆகவே நள்ளிரவில் எந்திரம் சும்மா இருந்தாலும் ஏழை மாணவனை இலவசமாக உள்ளே விடுவது சிக்கல். மணிக்கணக்குக் கட்டணம் என்பது யோசிப்பதற்கே வரி போடுவது மாதிரி. தப்பு செய்தால் காசு, வேறு மாதிரிச் செய்து பார்த்தால் காசு.

சொந்த எந்திரத்துக்கு ஒரே ஒரு செலவு, வாங்கும்போது. ஆய்வு நிதியில் 'கருவிகள்' என்று ஒரு தலைப்பு எப்போதும் உண்டு, அதில் வாங்கினால் அது சொத்து. அதற்குப் பின் அடுத்த மணிநேரத்தின் விலை பூஜ்யம். இரவு இரண்டு மணிக்கு ஒரு மாணவன் அதில் விளையாடினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. கணினி மைய இயக்குநர்கள் இதை எதிர்த்ததும் புரிகிறது. கட்டணம் கொடுக்கிற நல்ல வாடிக்கையாளர்கள் வெளியேறினால் பெரிய எந்திரத்தின் செலவு மிச்சமிருப்பவர்கள் தலையில் விழும், கட்டணம் ஏறும், இன்னும் சிலர் வெளியேறுவார்கள். நியாயமான கவலை. ஆனால் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றவன் நான், அவர்களுக்காகக் கண்ணீர் விட வரவில்லை.

அதற்காக மினிகம்ப்யூட்டர் மலிவாக முடிந்தது என்று நான் சொல்ல மாட்டேன். கொட்டேஷனில் இல்லாத ஒரு செலவு இருந்தது, மாணவர்கள். டெலிடைப் நொடிக்குப் பத்து எழுத்து அடிக்கும். நிரல் எழுதி, மொழிமாற்றி நாடாவை ஏற்றி, அது ஒரு நாடாவைத் துளைத்துக் கொடுக்க, அதை மறுபடி ஏற்றி... ஒரு திருத்தத்துக்கு அரைமணி ஓடிவிடும். கருவிக்கும் கணினிக்கும் நடுவே இணைப்புப் பலகை செய்வதில் ஆய்வு மாணவனின் ஒன்றிரண்டு வருடம் போகும். இரசாயனம் படிக்கச் சேர்ந்தவன் மின்னணுவியல் ஆளாக வெளியே வருவான். பேராசிரியரின் கணக்கில் இந்த உழைப்புக்கு விலை இல்லை. முன்பு காத்திருந்த நேரம் யார் கணக்கிலும் எழுதப்படவில்லை என்றேனே, இப்போது உழைத்த நேரம் எழுதப்படவில்லை. ஆனால் கேட்டுப் பாருங்கள், அந்த மாணவர்களில் ஒருவர்கூடப் புகார் சொல்ல மாட்டார். என்னை விட்டிருந்தால் நான் அங்கேயே பாய் விரித்துப் படுத்திருப்பேன்.

எழுபதுகளில் கூட்டம் பெருகிவிட்டது. ஹியூலெட்-பேக்கர்டு 1966-இல் செய்த தன் முதல் கணினியையே அளவீட்டுக் கருவிகளை இயக்குவதற்காகத்தான் வடிவமைத்தது. அதன் முதல் வாடிக்கையாளர் உட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனம், எந்திரம் கப்பலில் ஏறியது. பி.டி.பி.-8ஐ வரைந்த எட்சன் டி காஸ்ட்ரோ டெக்கை விட்டுப் போய் டேட்டா ஜெனரல் தொடங்கி, 1969-இல் நோவாவைக் கொண்டுவந்தார். நினைவகம் இல்லாத வெற்று விலை 3,995 டாலர். நம் பக்கமும் 1969-இல் மும்பை டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்தில் டி.டி.சி.-12 என்று ஒன்று செய்தார்கள். பி.டி.பி.-8 வழியில் அமைந்த பன்னிரண்டு பிட் எந்திரம், பிறகு ஹைதராபாத் இ.சி.ஐ.எல். தயாரித்தது. நான் படித்த இடத்துக்கு அது வரவில்லை, எனக்கு வாய்த்தது பஸ்தான்.

கடைசியாக பெர்க்கிலி. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அந்த வளாகத்தில் கணினியியல், கணிதம், புள்ளியியல் ஆகிய மூன்று துறைகள் பணம் போட்டு ஒரு பி.டி.பி.-11/45 வாங்கின. 1974 ஜனவரியில் அதில் யூனிக்ஸ் ஏற்றினார்கள். பெல் ஆய்வகத்தில் பி.டி.பி. எந்திரங்களின்மேல் பிறந்த அந்த இயங்குதளம் பல்கலைக்கழகங்களுக்குப் பெயரளவு விலையில் மூல நிரலோடு கிடைத்துக்கொண்டிருந்தது. அங்கே எந்திரம் அடிக்கடி விழுந்தபோது, நியூஜெர்சியில் இருந்த கென் தாம்ப்சன் தொலைபேசிக் கம்பி வழியே 300 பாட் என்னும் ஆமை வேகத்தில் நுழைந்து பிழை தேடினார். ஆனால் கணிதத்துக்கும் புள்ளியியலுக்கும் யூனிக்ஸ் வேண்டாம், டெக்கின் சொந்த இயங்குதளம்தான் வேண்டும். உடன்படிக்கை போட்டார்கள்: நாளில் எட்டு மணிநேரம் யூனிக்ஸ், பதினாறு மணிநேரம் மற்றது. அந்த எட்டு மணிநேரமும் ஒரு நாள் காலையில் வரும், ஒரு நாள் நள்ளிரவில் வரும். மாணவர்கள் அதற்குத் தகுந்தாற்போல் தூக்கத்தை மாற்றிக்கொண்டார்கள்.

எம்.ஐ.டி.யில் 1957-இல் எட்டு எட்டு மணிநேரமாகப் பிரித்தார்களே, அதே கதை. எந்திரம்தான் சிறுத்தது. அடுத்து நடந்ததுதான் அழகு. யூஜின் வாங்கும் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் இங்க்ரெஸ் என்ற தரவுத்தளத் திட்டத்தைத் தொடங்கி, அட்டைக்கட்டு எந்திரங்களிலிருந்து யூனிக்ஸுக்கு மாறினார்கள். கொஞ்ச நாளிலேயே இந்த எட்டு மணிநேரம் தாங்க முடியவில்லை. என்ன செய்தார்கள்? அதே ஆண்டு தங்கள் திட்டத்துக்கென்று தனியாக ஒரு பி.டி.பி.-11/40 வாங்கிக்கொண்டார்கள்.

அக்கா மகனுக்கு இதையெல்லாம் சொல்லி முடிக்கையில் மணி பதினொன்று. நாலாவது முறை பதினாறு எண்களும் பிசகாமல் ஏறின. ஸ்டார்ட் விசையைத் தட்டியதும் விளக்குகள் ஓட ஆரம்பித்தன. இல்லாத காகித நாடாவைப் படித்து, ஃபோக்கல் என்னும் அந்தக் காலத்து மொழி உள்ளே ஏறி, ஒரு நட்சத்திரக் குறியைக் காட்டி நின்றது. இரண்டின் வர்க்கமூலம் கேட்டேன், சொன்னது. "சரி மாமா, தூங்கலாம்" என்று அவன் எழுந்து போய்விட்டான். போகும்போது ஹால் விளக்கை அணைத்துவிட்டுப் போனான், நான் கேட்காமலே. பலகையின் விளக்குகள் இருட்டில் இன்னும் நன்றாகத் தெரிந்தன.

அசல் எந்திரத்தில் நினைவகம் சின்னச் சின்னக் காந்த வளையங்களால் ஆனது. சாயங்காலம் சுவிட்சை அணைத்துப் பூட்டிவிட்டுப் போனாலும் ஏற்றியது அப்படியே இருக்கும், காலையில் வந்து ஸ்டார்ட் தட்டினால் போதும். இந்த நகலில் அந்த வசதி இல்லை. அணைத்தேன். நாளைக்கு மறுபடி 7756.